ஆறு சிலிண்டரும் சுடும்

அக்கா காசு வைத்துப் பந்தயம் கட்டமாட்டார். "காசு வச்சா அது சூதாட்டம், வேலை வச்சா வெளையாட்டு" என்பார். அதனால் அவரிடம் தோற்றவர்கள் டிபன் டப்பா கழுவினார்கள், மேடை பெருக்கினார்கள், டீ வேளை முழுக்க ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணி லாரி டீக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா? கேண்டீன் சாம்பாரில் இன்றைக்கு முருங்கைக்காயா, முள்ளங்கியா? அத்திப்பள்ளி பக்கம் கருத்திருக்கும் மேகம் எல்லை தாண்டி வந்து நம் தலையில் பெய்யுமா, இல்லை கர்நாடகாவோடு திரும்பிவிடுமா? எதைக் கேட்டாலும் அவர் ஒரு பக்கம் நின்றுகொண்டு, "பெட்டு?" என்று கையை நீட்டுவார்.

பந்தயம் கட்டுகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜெயித்தால் ஊரைக் கூட்டுவார்கள், தோற்றால் சட்டத்தை மாற்றுவார்கள். அக்கா நேர்மாறு. ஜெயித்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். தோற்றால் மட்டும் கையை உயரத் தூக்கி, "தோத்துட்டேன்!" என்று யார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். கத்திய கையோடு தண்டனையைச் செய்து முடித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. கடன் வைக்க மாட்டார்.

ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டி ஆக்சிஜன், நைட்ரஜன், ஆர்கான் மூன்றையும் சிலிண்டரில் நிரப்பி விற்கிற கம்பெனி அது. நான் அங்கே தரம் பார்க்கிற லேபில் பயிற்சி ஆளாகச் சேர்ந்தேன். கல்லாவிப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தபோது என் அப்பா, "அப்ப இனிமே நீ மருந்து குடுப்பியா?" என்று கேட்டார். காற்றை அளக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கும் சம்பளம் தர்றானா" என்று சந்தோஷப்பட்டார்.

எல்லோருக்கும் அக்காவான அவர் அங்கே ஒப்பந்த ஆள். நிரம்பி வருகிற சிலிண்டர்களின் தலையில் மூடி மாட்டி, சீட்டு ஒட்டுகிற வேலை. பாகலூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வாய்ப்பாடு தெலுங்கில் வரும், திட்டு கன்னடத்தில் வரும், புருஷன் சேலத்துக்காரர் என்பதால் மற்றதெல்லாம் தமிழில் வரும். அவர் மூடி மாட்டுகிற மேடைக்கு எதிரில்தான் பேனல் அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக அழுத்தமானிகள், வால்வுகள், நாற்காலியில் ஓர் ஆபரேட்டர். அந்த நாற்காலியில் அதுவரை பெண்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

"வருசக்கணக்கா மூடி மாட்டுறேன். உள்ள போறத ஒரு நாளாச்சும் நான் தொறந்து விடணும்" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பந்தயம் கட்டவில்லை. அதனாலேயே அவர் அதை எவ்வளவு விரும்புகிறார் என்று எனக்குப் புரிந்தது.

அந்த வருடம் பேனலுக்கு நிரந்தர ஆட்களை ஒப்பந்தக்காரர்களிலிருந்தே எடுக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. முதலில் எழுத்துத் தேர்வு, வாயுக்களும் அணுக்களும் பற்றிப் பள்ளிக்கூட அளவில் கணக்குகள். அதில் தேறினால் பேனலில் செய்முறை. அடுத்த முறை எடுக்கும்போது அக்காவுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். இதை விட்டால் மூடிதான், கடைசி வரைக்கும்.

"நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவனாச்சே, சொல்லிக்குடு" என்று மேனேஜர் என்னைப் பிடித்துத் தள்ளினார். முதல் ஷிப்ட் முடிந்ததும் கேண்டீனில் வகுப்பு. நான் பேண்டில் சட்டையைச் செருகிக்கொண்டு போய் நின்றேன். பலகையில் 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். 27 டிகிரியில் ஒரு பலூனின் பருமன் 10 லிட்டர். அழுத்தம் மாறாமல் 54 டிகிரிக்குச் சூடாக்கினால் பருமன் எவ்வளவு? 'காண வேண்டியது' என்று எழுதுவதற்குள் பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"இருவது லிட்டரு. பெட்டு?"

"எக்கா, அவரு இன்னும் எழுதியே முடிக்கல. அதுக்குள்ள என்ன அவசரம் ஒங்களுக்கு?" என்றான் இசக்கிமுத்து. திருநெல்வேலியிலிருந்து வந்து காலி சிலிண்டர் உருட்டுகிறவன். அக்காவின் பந்தயங்களில் பாதிக்கு எதிராளி அவன்தான்.

"அப்ப நீ சொல்லுடா, எவ்ளோ?"

"எனக்கென்னத்தத் தெரியும்? ஆனா நீங்க சொன்னது மட்டும் இருக்காது. அதுக்கு நான் பெட்டு."

"சூடு ரெண்டு மடங்கு ஆச்சு, காத்தும் ரெண்டு மடங்கு ஆகும். இதுகூட தெரியல. தோத்தா?"

"எங்கூட்டு மீன் கொழம்பு டப்பாவ நீங்க கழுவணும்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கணக்கைப் போட்டேன். இரண்டு வெப்பநிலைகளோடும் 273 கூட்டினேன். 300, 327. விடை 10.9 லிட்டர்.

"தோத்துட்டேன்!" கை மேலே போனது. டப்பாவை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை வகுப்பு நின்றது. ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"கழுவிட்டேன். இப்ப சொல்லு மேஷ்ட்ரே. அந்த எரநூத்தி எழுவத்தி மூணு யாரு? கேள்வியில அவன் எங்கயுமே இல்லியே?"

மேஷ்ட்ரு என்றால் கன்னடத்தில் வாத்தியார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர் என்னை அப்படிக் கூப்பிட்டது கிண்டலா மரியாதையா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. நான் தனிச்சுழி வெப்பநிலை, சார்லஸ் விதி, வாயு மூலக்கூறுகளின் இயக்கம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த வாக்கியங்களையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். "ம்" என்றார். ஒன்றும் ஏறவில்லை என்பது அந்த 'ம்'மிலேயே தெரிந்தது.

மறுநாள் ஷிப்டுக்கு உள்ளே வரும்போதே கேட்டிலிருந்து கத்தினார்.

"மேஷ்ட்ரே, புடிச்சிட்டேன்! பஸ்ஸு கெளம்பினது கிருஷ்ணகிரில. நாம ஏறினது சூளகிரில. நம்ம ஜீரோ சூளகிரி. ஆனா பஸ்ஸு எவ்ளோ தூரம் ஓடுச்சுன்னு கேட்டா கிருஷ்ணகிரிலேர்ந்து தான எண்ணணும்?"

"ஆமாக்கா."

"அந்த கிருஷ்ணகிரி தூரந்தான் எரநூத்தி எழுவத்தி மூணு. நாம ஏறுறதுக்கு முன்னாடியே அவன் ஓடிட்டு வந்திருக்கான். இத நேத்தே சொல்லியிருந்தா நான் மீன் டப்பா கழுவியிருப்பனா?"

அப்படித்தான் எல்லாமே. முதலில் பந்தயம், பிறகு தோல்வி, பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து எங்கிருந்தோ ஒரு விளக்கம். ஒரே அளவு உருளைகள், ஒரே வெப்பநிலை. ஒன்றில் ஒரு மோல் ஹைட்ரஜன், இன்னொன்றில் ஒரு மோல் ஆக்சிஜன். எதில் அழுத்தம் அதிகம் என்று கேட்டேன். ஆக்சிஜன்தான் கனம், அதுதான் அதிகமாக இடிக்கும் என்று அக்கா பந்தயம் கட்டினார். இரண்டும் சமம் என்றேன். மறுநாள் எல்லோருக்கும் களி கிண்டி எடுத்துவர வேண்டும் என்பது தோல்விக்கான கூலி. பெரிய தூக்கில் கொண்டுவந்தார். உருண்டையை இலையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"ஷேர் ஆட்டோ மாதிரி. டிரைவருக்கு தலைதான் கணக்கு. ஒல்லியா குண்டான்னு அவன் பாக்கறதில்ல. ஏண்டா இசக்கி, நீயும் நானும் ஒரே சீட்டு, ஒரே காசு தான?"

"நீங்க ஒண்ணர சீட்டு பிடிப்பீயக்கா. இடிபடுதது நாங்கதான்."

"சும்னிரு" என்று கன்னடத்தில் அடக்கினார். "இன்னொரு உருண்டை வேணுமா வேணாமா?"

அணுக்களுக்கு வந்தபோதுதான் அக்காவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. தனிம அட்டவணையில் ஒரே வரிசையில் சோடியத்திலிருந்து குளோரின் வரை போகப்போக எலக்ட்ரான் கூடுகிறது; அணு பெரிதாகுமா, சின்னதாகுமா? பெரிதாகும் என்று அக்கா தயங்காமல் கையை நீட்டினார். சின்னதாகும் என்றேன். வழக்கம்போலக் கையைத் தூக்கி, தோத்துட்டேன் என்று சொல்லி, மேடை முழுவதையும் பெருக்கி முடித்தார். ஆனால் துடைப்பத்தைச் சாத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தோத்தது தோத்ததுதான். ஆனா இது அநியாயம். வீட்டுல ஆளு கூடக் கூட வீடு சின்னதாகுமா? எந்த ஊருல?"

"நடுவுல இருக்குற அணுக்கருவோட இழுவை கூடுதுக்கா. புதுசா வர்றவங்களும் அதே சுத்துல தான் நிக்கிறாங்க..."

"என்ன இழுவையோ போ."

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சோடியத்தின் மீதும் நம்பிக்கை போய்விட்டது. மூன்றாம் நாள் கேண்டீனில் பிரியாணி. எல்லா ஷிப்ட் ஆட்களும் வந்து கவுண்டரை மொய்த்துக்கொண்டிருந்தோம். கூட்டத்துக்கு நடுவிலிருந்து தட்டு ஒன்று மேலே எழும்பி ஆடியது.

"மேஷ்ட்ரே! பாரு, பாரு! தயிர் சாதத்தன்னிக்கு பத்துப் பேரு வர்றோம், இங்கொருத்தன் அங்கொருத்தன் நிக்கிறான். பிரியாணியன்னிக்கு அம்பது பேரு, எல்லாம் கவுண்டர ஒட்டி நசுங்குறோம். ஆளு கூடுச்சு, வட்டம் சின்னதாச்சு! நடுவுல இருக்குறது பிரியாணி!"

"அப்ப ஓரத்துல நிக்கிறவன இழுத்து வெளிய போடுறது சுலபமாக்கா, கஷ்டமா?" என்று அங்கேயே கேட்டேன். அயனியாக்கும் ஆற்றல் அடுத்த வாரப் பாடம்.

"பிரியாணியன்னிக்கு எவன இழுக்க முடியும்? கைய ஒடச்சிருவான். தயிர் சாதத்தன்னிக்கு கூப்ட்டாலே வந்துருவான்."

அடுத்த வாரப் பாடம் அன்றைக்கே முடிந்தது. ஆர்கானைப் பற்றிச் சொன்னபோது மட்டும் முகத்தைச் சுளித்தார். யாரோடும் சேராது, எதையும் வாங்காது, எதையும் கொடுக்காது என்றேன். "பெட்டு கட்டாதவன்" என்று சொல்லித் தள்ளிவிட்டார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் அதுவரை ஒரு விடையையும் ஊகித்துச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் என் பாடத்தை வாங்கிப் பார்த்துச் சரி தப்பு சொல்ல ஆள் இல்லை. தப்பாகப் போட்டால் அது தப்பாகவே கிடக்கும். அதனால் முழுக்கத் தெரிந்தால் மட்டும் கையைத் தூக்குவது என்று பழகிப் போயிருந்தேன். கல்லூரியிலும் அப்படித்தான், முதல் பெஞ்சில் ஊமை. எதிரில் ஒருவர் தப்பான விடையை ஊரறியக் கத்திவிட்டு, அதற்காக டப்பாவும் கழுவிவிட்டு, முன்பைவிட உற்சாகமாக வந்து உட்காருவதைப் பார்த்தபோது முதலில் எனக்கு அவருக்காகக் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நாளில் பொறாமையாக இருந்தது.

சங்கடம் சேஃப்டி ஆபீசர் ரூபத்தில் வந்தது. கோயம்புத்தூர்க்காரர். 'ங்க' போடாமல் பேசமாட்டார். ஆனால் அந்த 'ங்க'வுக்குள் இரும்புக் கம்பி இருக்கும். தப்பு செய்ததாக அவர் ஒப்புக்கொண்டதை யாரும் கேட்டதில்லை. யார்டில் ரப்பர் குழாய் தடுக்கி அவரே விழப்போனாலும், குழாய் தப்பான இடத்தில் இருந்தது என்றுதான் சொல்வார். ஒருநாள் அக்காவும் இசக்கியும் லாரி எந்த வாசலில் வந்து நிற்கும் என்று கையடித்துப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் பின்னாலேயே நின்றிருக்கிறார்.

"என்னம்மா, கிளப் நடத்துறீங்களா?"

"இல்ல சார், சும்மா வெளையாட்டுக்கு..."

"நீங்களும் பேனலுக்கு பேர் குடுத்திருக்கீங்க, இல்லீங்களா?"

"ஆமாங்க சார்."

"நூத்தம்பது பார் அழுத்தத்துக்குப் பக்கத்துல உக்காந்து பெட் கட்டுற ஆளை நான் உள்ள விட முடியாதுங்க. எழுத்துல நீங்க நூத்துக்கு நூறு வாங்கினாலும் செய்முறைக்கு நான்தான் மார்க் போடணும். யோசிச்சுக்குங்க."

அவர் போனபிறகு அக்கா மேடைக்குத் திரும்பி மூடி மாட்டத் தொடங்கினார். ஆபீசர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் கஷ்டம். எனக்குமே அந்தச் சந்தேகம் உள்ளூர இருந்தது. சிலிண்டர் என்ன முருங்கைக்காயா?

"இனிமே பெட்டு இல்ல மேஷ்ட்ரே" என்றார் அக்கா.

அடுத்த வகுப்பில் வாயை மூடிக்கொண்டு, நான் சொன்னபடி 'கொடுக்கப்பட்டவை' எழுதி, சூத்திரம் எழுதி, மதிப்புகளைப் போட்டார். வரிசையாகத் தப்பு. 273-ஐ மறந்தார், மேலே போக வேண்டியதைக் கீழே போட்டார். கேண்டீனே துக்க வீடு மாதிரி இருந்தது. இசக்கிதான் தாங்கமாட்டாமல் சொன்னான்.

"எக்கா, வாயாலதான கட்டக்கூடாது? மனசுக்குள்ள கட்டுங்க. ஆபீசருக்கு எங்க கேக்கப் போவுது?"

தேர்வுத் தாளை நான் பிறகு பார்த்தேன். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு குட்டி அம்பு. சில மேல்நோக்கி, சில கீழ்நோக்கி. கணக்கைத் தொடுவதற்கு முன்பே கூடுமா குறையுமா என்று தனக்குத்தானே கட்டிக்கொண்ட பந்தயங்கள். ஒரு கேள்வி இப்படி: நிரப்பி முடித்தவுடன் சிலிண்டரின் வெப்பநிலை 47 டிகிரி, அழுத்தம் 150 பார். மறுநாள் காலை 17 டிகிரிக்குக் குளிர்ந்தபின் அழுத்தம் எவ்வளவு? அக்கா முதலில் 54 என்று போட்டு, அதைப் பெரிதாக அடித்துவிட்டு, கீழே மறுபடி போட்டு, ஏறக்குறைய 136 என்று எழுதியிருந்தார்.

"மொதல்ல எப்படிக்கா தப்புன்னு தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் குறையும்னுதான் மனசுக்குள்ள கட்டியிருந்தேன். அம்பத்தி நாலுன்னு வருது. ஓசூரு பனிக்கு ஒரு ராத்திரில நூறு பாரு காணாம போவுமா? திருடனா வந்தான்? அப்பறந்தான் கிருஷ்ணகிரிய விட்டுட்டு சூளகிரிலேர்ந்து எண்ணிட்டேன்னு தெரிஞ்சது."

எழுத்தில் தேறிவிட்டார். இசக்கியும் தேறினான். செய்முறைக்கு முதல் ஆளாக அக்காவின் பெயர் இருந்தது.

அன்று காலை நல்ல குளிர். வாயுவின் சுத்தம் பார்ப்பதற்காக மாதிரி எடுக்கும் சாக்கில் நான் யார்டில் நின்றுகொண்டேன். இசக்கி தேவையே இல்லாத ஒரு காலி சிலிண்டரை அங்கேயும் இங்கேயும் உருட்டிக்கொண்டிருந்தான். ஒரே குழாயில் இணைத்த ஆறு ஆக்சிஜன் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. சேஃப்டி ஆபீசர் அட்டையும் பேனாவுமாகப் பேனல் அறை வாசலில்.

"ஆறு வால்வும் திறந்து தயாரா இருக்குங்க. நீங்க மெயின் வால்வைத் திறந்து நிரப்பணும். நிரப்பத் தொடங்கினதும் என்ன பார்ப்பீங்க?"

"முள்ளு நிதானமா ஏறுதான்னு பாப்பேன் சார். அப்பறம் ஒவ்வொண்ணா தொட்டுப் பாப்பேன். காத்த அழுத்தி உள்ள நுழைச்சா சூடாகும். தொட்டா வெதுவெதுன்னு இருந்தா உள்ள போகுதுன்னு அர்த்தம். ஜில்லுனு இருந்தா போகல, ஏதோ கோளாறு."

"இந்த ஆறும்?"

"ஆறும் சுடும் சார். பெட்டு?"

வாயிலிருந்து விழுந்துவிட்டது. நீட்டிய கையை அக்காவே பயத்தோடு பார்த்தார். இசக்கி உருட்டுவதை நிறுத்தி, "சோலி முடிஞ்சு" என்று முணுமுணுத்தான். நான் கையிலிருந்த மாதிரிக் குடுவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆபீசர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "சரிங்க. டிபன் டப்பா கழுவுறதெல்லாம் இங்க செல்லாது. பெருசா ஏதாச்சும் வைங்க."

அக்கா ஒரு கணம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலியைப் பார்த்தார். "தோத்தா இந்தப் பேனல் பக்கமே வரமாட்டேன் சார். மூடி மாட்டுறதே போதும்."

"எக்கா!" என்றான் இசக்கி.

"நீங்க தோத்தா சார்?"

"நான் தோக்க மாட்டேனுங்க."

அக்கா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். மெயின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். முள் ஏறத் தொடங்கியது. காத்திருந்தார். பிறகு வெளியே வந்து வரிசையின் தொடக்கத்திலிருந்து தொட்டுக்கொண்டே வந்தார். ஒன்று, "சுடுது." இரண்டு, "சுடுது." மூன்று, "சுடுது."

நாலாவதில் கை நின்றது.

ஆபீசர் அந்த நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சிலிண்டரில் அக்காவின் உள்ளங்கை பதிந்திருப்பது எனக்கும் இசக்கிக்கும் மட்டும்தான் தெரிந்தது. கையை எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, மறுபடி வைத்தார்.

"சுடுதுன்னு சொல்லிட்டுப் போங்கக்கா, யாரு பாக்கப் போறா..." என்று இசக்கி வாய்க்குள்ளேயே கெஞ்சினான். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவ்வளவு நேரம் அவர் யோசித்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

கை மேலே போனது.

"தோத்துட்டேன் சார்! நாலாவது ஜில்லுனு இருக்குது! நிறுத்துறேன்!"

சொல்லிக்கொண்டே பேனலுக்கு ஓடி மெயின் வால்வை மூடினார். முள் நின்றதை உறுதி செய்துகொண்டார். பிறகு முகக்கவசத்தைக் கழற்றி மேசையில் ஒழுங்காக வைத்துவிட்டு, "வர்றேன் சார்" என்று சொல்லி வெளியே நடந்தார்.

"எக்கா, எங்க போறீய?"

"தோத்தவ எங்கடா போவா? மூடி மாட்டப் போறேன்."

குரல் லேசாக உடைந்திருந்தது. ஆனால் நடையில் தயக்கம் இல்லை. மேடை ஏறி, கூடையிலிருந்து ஒரு மூடியைக் கையில் எடுத்தும்விட்டார். அப்போதுதான் ஆபீசர் பேனல் அறை வாசலிலிருந்து வேகமாக வந்தார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அம்மா, நில்லுங்க. நாலாவது வால்வை மூடி வச்சது நான்தானுங்க. இன்னிக்கு வர்ற எல்லாருக்கும் ஒண்ணு மூடித்தான் வைப்பேன். தொட்டுப் பாக்குறாங்களா, பாத்து நிறுத்துறாங்களான்னு தெரியணும். நீங்க நிறுத்திட்டீங்க. பாஸுங்க."

இசக்கி இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அக்கா மட்டும் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். முகம் சிவந்தது.

"நீங்களே மூடி வச்சீங்களா?"

"ஆமாங்க."

"தொறந்திருக்குன்னு வாயால சொன்னீங்களே சார்!"

"அது தேர்வு முறைங்க."

"மூடி வச்சது தெரிஞ்சே எங்கூட பெட்டு கட்டுனீங்களா?"

ஆபீசர் கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"தேர்வு வேற சார், பெட்டு வேற. தேர்வுல நான் பாஸு, ரொம்ப சந்தோசம், கும்புடுறேன். ஆனா பெட்டுல நீங்க ஏமாத்திட்டீங்க. ஏமாத்துனவங்கதான் தோத்தவங்க. சொல்லுங்க."

"என்னங்க சொல்லணும்?"

"தோத்துட்டேன்னு."

நிரந்தர வேலை இன்னும் காகிதத்தில் ஏறவில்லை. மார்க் அட்டை அவர் கையில்தான் இருக்கிறது. நான் அக்காவைப் பார்த்து, வேண்டாம், வேண்டாம் என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அக்கா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. ஆபீசர் இசக்கியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கீழே கிடந்த ரப்பர் குழாயைக்கூட ஒருதரம் பார்த்தார். பழி போடுவதற்கு அங்கே எதுவும் கிடைக்கவில்லை.

"தோத்துட்டேன்" என்றார், சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு.

"பக்கத்து லைன்ல கம்ப்ரசர் ஓடுது சார். கேக்கல."

அவருடைய அட்டை பிடித்திருந்த கை தோள்வரைக்கும் தானாகவே எழும்பியது.

"தோத்துட்டேனுங்க!"

இசக்கி விசில் அடித்தான். அந்தப் பக்கம் லாரியில் சிலிண்டர் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மூடியை இசக்கியின் கையில் திணித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். நாலாவது வால்வைத் தன் கையாலேயே திறந்தார். மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திருகித் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே போய் மெயின் வால்வைத் திறந்தார். முள் ஏறியதும் வெளியே வந்து, முதல் சிலிண்டரிலிருந்து மறுபடியும் தொட ஆரம்பித்தார்.